கல்லில் வடித்த உருவமும் பெயரும்

தெய்வத் திருவுருவங்களை வடிப்பதற்கு ஆகமங்களும் சிற்ப நூல்களும் அளவுகளை வகுத்துள்ளன. ஆயின் இவ்வுலகில் வாழ்ந்த மனிதர் ஒருவரைக் கல்லிலே காட்டும் சிற்பி, அவர் இன்னார் என்பதை எவ்வாறு அறியச் செய்வான்? இத்தகைய உருவங்களைப் பிரதிமை என்பர்.

மாமல்லபுரம் ஆதிவராகர் குகைக் கோயிலில் பல்லவ மன்னர் இருவரின் புடைப்புருவங்களைக் காணலாம். ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருக்க, தேவியர் இருவர் அருகே நிற்கின்றனர். மற்றவர் தேவியின் கையைப் பற்றியபடி கருவறைப் பக்கம் சுட்டிக்காட்டி நிற்கின்றார். மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் எனக் கிரந்த எழுத்திற் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இத்துடன் ஐயம் தீர்ந்ததா எனின், இல்லை. பல்லவ மரபில் மகேந்திரன் என்னும் பெயர் பூண்டோர் ஒருவருக்கு மேற்பட்டோர். ஆகவே இவர் முதலாம் மகேந்திரவர்மனா, பின்வந்தவரா என்பதில் அறிஞர்கள் கருத்து வேறுபட்டுள்ளனர். பெயர் இருந்தும் ஆள் தெளிவாகவில்லை!

திருநல்லம் எனப்படும் கோனேரிராசபுரத்தில் நிலைமை வேறு. தில்லைமீது திருவிசைப்பா பாடி ஒன்பதாம் திருமுறையில் இடம்பெற்ற கண்டராதித்த சோழர் அங்கே சிவலிங்கத்தை வழிபடுபவராகக் காட்டப்பட்டுள்ளார். அவர் மறைந்த பின்னர், மகன் உத்தம சோழனின் ஆட்சியில், தேவியார் செம்பியன் மாதேவி அக்கோயிலைக் கணவர் பெயராற் கற்றளியாக எடுப்பித்தார். உருவத்தின் கீழுள்ள கல்வெட்டு இச்செய்தியையும், வழிபடுபவர் கண்டராதித்தரே என்பதையும் கூறுகின்றது. மன்னருக்குரிய சிங்காதனமோ படையோ அங்கு இல்லை; அவரை அடையாளங் காட்டுவது அவரது பக்தியே. தம் பெருமையைப் பேசாது கணவரை முன்னிறுத்திய அம்மையாரின் பண்பு, உபயகாரர் பெயர்ப் பலகைகள் மலிந்த இக்காலத்தில் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலிலோ நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு காட்சிகளாக வடிக்கப்பட்டுள்ளன. காட்சிகளுடன் பெயர்ப் பொறிப்புக்களும் உள்ளன. கையளவு கல்லில் முகச்சாயலை நுணுக்கமாகக் காட்டுதல் அரிது. எனவே சிற்பி அவ்வடியார் வாழ்வின் உச்சமான செயலையே தேர்ந்தான். கண்ணிடந்து அப்பும் கண்ணப்பரைப் பெயரின்றியும் எவரும் அறிவர். எனினும் எல்லா அடியார்க்கும் இது பொருந்தாது. வாளேந்திய ஒருவர் ஏனாதிநாதரா, கோட்புலியாரா என்று துணிவதற்கு எழுத்தின் துணை வேண்டும். திருப்பணிக் காலங்களிற் பழைய கல்மீது சுண்ணாம்பும் வர்ணமும் பூசும்போது முதலில் மறைவது அந்தச் சிறிய எழுத்துக்களேயாம்.