கடன் தீர்க்கும் குடும்பக் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. பயிர்த்தொழிலின் கஷ்டத்தைக் குறிக்க எழுந்த இவ்வாக்கியத்தை, கணக்கே பார்க்க வேண்டுவதில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் குடியானவர்களிற் பலர் கொண்டுவிட்டனர். கணக்குப் பார்ப்பதனால் உழக்கு குறைவதில்லை. பாராதிருப்பதனால் உழக்கு எங்கே போயிற்று என்பது தெரியாமற் போகிறது. கடன்பட்ட குடும்பம், வயலையும் வீட்டையும் ஒருங்கே நடத்திக்கொண்டு, சில ஆண்டுகளில் கடனை எவ்வாறு தீர்த்துக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் ஒரு கணக்கின் மூலம் விளக்குவோம்.

சட்டமும் சங்கமும் செய்தவை

குடியானவர் கடன் புதிய விஷயமன்று. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தை அடுத்து, அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவின் திரூரில் சென்னை மாகாணத்தின் முதற் சங்கம் தோன்றிற்று. 1938-ல் நிறைவேறிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-ந் தேதிக்கு முற்பட்ட கடன்களின்மேல் 1937 அக்டோபர் 1-ல் நிலுவையாயிருந்த வட்டியைத் தள்ளிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் தானிய விலை ஏறியபோது, விற்பதற்கு நெல் வைத்திருந்த பெருநிலக்காரர்களின் கடன் குறைந்தது. குத்தகைக்காரர், நிலமில்லாக் கூலியாட்கள் ஆகியோரின் கடனோ கூடிற்று என்று 1946-ல் மாகாண சர்க்காருக்காக நடந்த ஆராய்ச்சியில் தெரிய வந்தது.

2019-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவிலுள்ள விவசாயக் குடும்பங்களில் நூற்றுக்கு 50-க்குச் சற்று மேற்பட்டவை கடன்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 65. இதனினும் கவனிக்கத்தக்கது வேறொன்று. நாடு முழுவதிலும் விவசாயக் குடும்பங்கள் வாங்கியிருந்த கடன் தொகையில் நூற்றுக்கு 57 அல்லது 58 பங்கே பயிர்த்தொழிலுக்குச் சென்றது. எஞ்சியது கல்யாணம், வைத்தியம், வீடு, அன்றாடச் செலவு ஆகியவற்றிற்குப் போயிற்று. ஆகையால் வயற் கணக்கை மாத்திரம் திருத்துவது போதாது. அடுப்பங்கரைக் கணக்கையும் அதனுடன் சேர்த்தே திருத்த வேண்டும்.

முதற் படி: உள்ள கடனையெல்லாம் எழுதுதல்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, கொடுத்தவர் பெயர், வாங்கிய தேதி, முதல், வட்டி வீதம், ஈடு, வாயிதா ஆகியவற்றை ஒவ்வொரு கடனுக்கும் எழுதுக. எழுதும்போது இல்லத்தரசியும் வயது வந்த பிள்ளைகளும் உடனிருத்தல் அவசியம். பல குடும்பங்களில் தலைவனுடைய கைமாற்று மனைவிக்குத் தெரியாது. மனைவி சுய உதவிக் குழுவில் வாங்கியது கணவனுக்குத் தெரியாது. மறைத்து வைத்த கடன் எந்தத் திட்டத்தையும் கெடுத்துவிடும்.

மொய் வரவையும் இப்புத்தகத்தில் எழுத வேண்டும். நம் வீட்டு விசேஷத்தில் வந்த மொய் வருமானமன்று. அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டிய, தேதி குறியாத கடன். அதைக் கொண்டு வண்டி வாங்கியவர்கள், ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் நெருங்கும்போது வட்டிக்கு வாங்க ஓடுவதை யாவரும் பார்த்திருக்கிறோம்.

வட்டியை எல்லாக் கடனுக்கும் ஒரே அளவையால் எழுதுக. "நூற்றுக்கு மூன்று ரூபாய்" என்று வாய்மொழியாகச் சொல்வது மாதத்திற்கு. ஆண்டுக்கு நூற்றுக்கு 36. பாங்கியில் சொல்லும் 9 என்பது ஆண்டுக்கு. இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தாலன்றி வித்தியாசம் மனதிற் பதியாது. ரூ. 50,000 கடனுக்கு மாதம் மூன்று வட்டி செலுத்துகிறவர், மூன்று ஆண்டில் ரூ. 54,000 வட்டியாகக் கொடுத்த பின்பும் முதல் ரூ. 50,000 அப்படியே நிற்கும். வட்டியும் கொடாமல் ஆண்டுதோறும் முதலோடு சேர்ந்து வந்தால், அக்கடன் மூன்று ஆண்டில் ரூ. 1,25,773 ஆகும். நிலம் கைமாறுவது இவ்வழியிலேதான்.

ஓர் உதாரணம்

நான்கு ஏக்கர் நஞ்சையும் இரண்டு கறவை மாடுகளும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கீழ்க்கண்டவை விளக்கத்திற்காகக் கொண்ட உத்தேசத் தொகைகள். வாசகர்கள் தத்தம் தொகைகளை இட்டுப் பார்க்கலாம்.

சம்பா நெல் ஏக்கருக்கு 22 குவிண்டால் வீதம் 88 குவிண்டால். வீட்டிற்கு 8 நிறுத்தி, 80 குவிண்டாலை ரூ. 2,400 வீதம் விற்றது ரூ. 1,92,000. சாகுபடிச் செலவு ரூ. 1,12,000. மிச்சம் ரூ. 80,000.
நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்தில், செலவு போக ரூ. 54,000.
பாலில், தீவனச் செலவு போக ரூ. 48,000.
ஆக நிகர வரும்படி ரூ. 1,82,000.
குடும்பச் செலவு மாதம் ரூ. 12,000 வீதம் ரூ. 1,44,000.
கடனுக்கு மிஞ்சுவது ரூ. 38,000.

இக்குடும்பத்தின் கடன்கள்: பாங்கியில் நகை ஈட்டின்மேல் ரூ. 80,000, வட்டி 9 வீதம். பிராமிசரி நோட்டின்மேல் தனியாரிடம் ரூ. 50,000, வட்டி 36 வீதம். கடைப் பாக்கி ரூ. 20,000. இவற்றுடன் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் ரூ. 1,00,000. பயிர்க்கடன் சாகுபடிச் செலவுக்குள் அடங்கியது. நெல் விற்ற பணத்தில் அதனை முதலில் எடுத்துக் கட்டிவிட வேண்டும் என்பதால், கீழ்வரும் கணக்கில் அதனைச் சேர்க்கவில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி: உள்ளபடியே வட்டிகளைக் கட்டி, மிச்சத்தை நோட்டுக் கடனில் செலுத்தி, அது தீர்ந்தபின் கடைக்கும் நகைக்கும் செலுத்துவது. முதலாண்டில் ரூ. 38,000-ல் வட்டிக்கே ரூ. 25,200 போய்விடும், முதலில் குறைவது ரூ. 12,800 மாத்திரமே. இவ்வாறு சென்றால் எல்லாக் கடனும் தீர ஆறு ஆண்டு ஆகும். கட்டிய வட்டி மொத்தம் ஏறக்குறைய ரூ. 76,000.

இரண்டாம் வழி: வீட்டில் மேலும் நகை இருக்குமாயின், அதன்மேல் 9 வீதத்தில் ரூ. 50,000 வாங்கி 36 வீத நோட்டை உடனே தீர்ப்பது. கடன் தொகை ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் ஆண்டொன்றுக்கு வட்டியில் ரூ. 13,500 மிஞ்சுகிறது. அதே ரூ. 38,000-ஐச் செலுத்தி வந்தால் ஐந்தாம் ஆண்டு முடிவில் ரூ. 833 மாத்திரமே நிலுவை நிற்கும். வட்டி ஏறக்குறைய ரூ. 41,000.

மூன்றாம் வழி: இரண்டாம் வழியுடன் குடும்பச் செலவிலும் மாதம் ரூ. 1,000 குறைப்பது. அப்போது ஆண்டுக்கு ரூ. 50,000 கடனுக்குக் கிடைக்கும். நாலாம் ஆண்டில் கடன் முழுவதும் தீர்ந்து ரூ. 19,250 கையில் நிற்கும். வட்டி ரூ. 30,750.

மழை தவறும் ஆண்டும் உண்டு என்பதால், முதலாண்டில் ரூ. 10,000-ஐக் கடனுக்குக் கட்டாமல் தனியே ஒதுக்கி வைப்பது விவேகம். அவ்வாறு ஒதுக்கினாலும் மூன்றாம் வழியில் நாலாம் ஆண்டிலேயே கடன் தீர்ந்துவிடும். கையில் ஒன்றுமில்லாதவர், வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடியும் அதே நோட்டுக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

ஓர் எச்சரிக்கை. நகை பெரும்பாலும் இல்லத்தரசியின் சீதனம். அவருடைய மனமொத்த சம்மதமின்றி அதைத் தொடுதல் தகாது. வாயிதா தவறினால் ஈட்டு நகை ஏலத்திற்கு வரும் என்பதையும் மறக்கலாகாது. பழைய நோட்டைத் தீர்த்த பின் புதிய நோட்டு எழுதுவதாயின், இம்மாற்றம் செய்யாதிருப்பதே மேல். நகையில்லாதோர், பால் வற்றிய மாடு, ஓடாத இயந்திரம் போன்ற பயனற்ற சொத்தை விற்று அதிக வட்டிக் கடனை அடைக்கலாம். வட்டி முதலை விழுங்கும் நிலைக்கு வந்துவிட்டால், சில சென்டு நிலத்தைத் தாமாகவே நல்ல விலைக்கு விற்றுக் கடனைத் தீர்ப்பது, பின்னர் முழுவதையும் இழப்பதினும் மேலாகும்.

குறைக்கத் தக்கதும் தகாததும்

மாதம் ரூ. 1,000 எங்கிருந்து வரும்? வீட்டுக் கொல்லையில் கீரை, கத்தரி, அவரை, முருங்கை வைத்தால் ரூ. 400. கடன் சொல்லி வாங்குவதை விட்டு ரொக்கத்திற்கு மொத்தமாக மளிகை வாங்கினால் ரூ. 300. மோட்டார் சைக்கிளின் வீண் ஓட்டமும் கைப்பேசிச் செலவும் டீக்கடைச் செலவும் ரூ. 300. இவற்றினால் ஒருவரும் பசித்திருக்கப் போவதில்லை.

குழந்தைகளின் பால், பிள்ளைகளின் படிப்பு, முதியோர் மருந்து ஆகியவற்றிற் கை வைத்தல் சிக்கனமன்று. மகளின் படிப்பை நிறுத்திச் சேர்த்த பணம், பின்னால் வேறு வகையில் இருமடங்காகச் செலவாகும். கல்யாணத்திற்கோ, கையில் சேர்ந்த தொகையை முதலில் எண்ணி, பிறகு பந்தலின் அளவை நிச்சயிக்க வேண்டும். பந்தலைப் போட்டபின் பணம் தேடுவது வழக்கமாகிவிட்டதே கஷ்டத்தின் வேர்.

அறுவடைப் பணத்தைப் பங்கிடுதல்

மாதச் சம்பளக்காரருக்குப் பணம் பன்னிரண்டு முறை வருகிறது. குடியானவருக்கு இரண்டொரு முறையே வருகிறது. நெற்பணம் வந்த மாதத்தில் கை தாராளமாகி, ஆடியில் அரிசிக்கு முடையாகிறது. பணம் கைக்கு வந்த அன்றே அதனை ஐந்து பங்காக்குக: பயிர்க்கடன், அடுத்த போகத்தின் விதை, உழவு, அடுத்த வரும்படி வரையிலான குடும்பச் செலவு, பழங்கடன், ஆபத்துக்கான ஒதுக்கம். குடும்பப் பங்கைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, மாதந்தோறும் குறித்த தொகையை மாத்திரம் எடுத்துச் செலவிடுக. அதாவது தமக்குத் தாமே மாதச் சம்பளம் கொடுத்துக்கொள்வது.

பயிர்க்கடனை வாயிதாவுக்குள் செலுத்துவதன் அனுகூலம் பெரிது. 2006-07 முதல் ரூ. 3 லட்சம் வரையிலான குறுகிய காலப் பயிர்க்கடன் 7 வீதத்தில் வழங்கப்படுகிறது. 2011-12 முதல், கெடுவுக்குள் செலுத்துவோர்க்கு மேலும் 3 வீதம் சலுகையாகி, 4 வீதமே விழுகிறது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் கெடு தவறாதவர்க்கு அந்த வட்டியும் இல்லை. ஒரு வாரத் தாமதத்தால் இச்சலுகை முழுவதையும் இழப்போர் இருக்கின்றனர்.

கடைக் கடனிலும் மறைந்த வட்டி உண்டு. உரம் கடன் கொடுத்தவரே நெல்லையும் எடுப்பவராயின், குவிண்டாலுக்கு ரூ. 100 குறைத்து எடுத்தாலும் 80 குவிண்டாலில் ரூ. 8,000 நஷ்டம். ரூ. 20,000 பாக்கிக்கு இது நூற்றுக்கு 40 வட்டியாகும். அத்தகைய கடனையே முதலிற் தீர்த்து, நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்திலோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலோ விற்கும் சுதந்திரத்தைப் பெற வேண்டும்.

பத்திரத்தில் ஜாக்கிரதை

தொகை நிரப்பாத நோட்டிலோ வெற்று முத்திரைக் காகிதத்திலோ ஒருபோதும் கையொப்பமிடலாகாது. செலுத்தும் பணத்தைக் கூடியவரை பாங்கி மூலம் செலுத்துக; ரொக்கமாயின் ரசீது பெறுக. கடன் தீர்ந்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்கி ரத்து செய்துவிடுக. தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றை 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. அத்தகைய தொந்தரவுக்குட்பட்டவர் வெட்கத்தால் ஒளிந்திராமல் போலீசாரிடமோ கோர்ட்டிலோ முறையிடலாம்.

கிராம அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலரும் சங்கச் செயலாளரும் இதில் செய்யக்கூடியது அதிகம். பயிர்க்கடனுக்கும் காப்பீட்டிற்கும் அடங்கலே ஆதாரம். அது ஒரு வாரம் தாமதித்தால் குடியானவர் அவ்வாரச் செலவைக் கைமாற்றாக வாங்குகிறார். 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபிப் பருவ உணவுப் பயிர்களுக்குக் குடியானவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை வீதமே. கடைசித் தேதியைத் தண்டோரா மூலமும் சங்க வாசற் பலகையிலும் இரண்டு வாரம் முன்னதாகவே அறிவித்தல் நலம். குத்தகைக்காரர்களின் சாகுபடியை உள்ளபடி பதிவு செய்தாலன்றி அவர்களுக்குச் சங்கக் கடன் எட்டாது. எட்டாதவரே நூற்றுக்கு மூன்று கொடுக்கிறார்.

முடிவுரை

மேலே கண்ட உதாரணத்தில் மகசூல் ஒரு படியும் கூடவில்லை, விலையும் ஏறவில்லை. கடன் தீரும் காலம் ஆறு ஆண்டிலிருந்து நான்காகக் குறைந்தது, வட்டியில் ரூ. 45,000 மிஞ்சிற்று. வட்டி வீதத்தை அறிந்ததும், வீட்டார் கூடி எழுதியதும், மாதம் ஆயிரம் குறைத்ததுமே இதற்குக் காரணம். எவ்வளவு உயர்ந்த விதையும் உரமும் கணக்கில்லாத வீட்டின் கடனைத் தீர்க்கமாட்டா. வரும் அறுவடைக்கு முன் ஒரு நாள் மாலை, குடும்பத்தார் அனைவரும் விளக்கடியில் அமர்ந்து தங்கள் கடன்களை ஒன்றுவிடாமல் எழுதுவார்களாக. அந்த ஏடு முடியும்போதே எந்தக் கடனை முதலிற் தீர்ப்பது என்பது விளங்கிவிடும்.