கேஸ் இல்லாத மிக் போதுமா?

கேள்வி: வீட்டு ஷெட்டில் ஸ்டூல், ஜன்னல் கிரில் மாதிரி சின்ன வேலைகளுக்கு மிக் வெல்டிங் மிஷின் வாங்கலாமா? கேஸ் இல்லாமலே ஓடும் என்கிறார்களே?
- வாசகர், ஈரோடு

பதில்: தாராளமாக வாங்கலாம். 1.5 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் பைப்பில் ராடு வைத்தால் புதிய கைக்கு ஓட்டைதான் விழும். 0.8 மி.மீ. கம்பி ஓடும் மிக்கில் அந்தத் தொல்லை குறைவு.

கேஸ் இல்லாமல் ஓட ஃப்ளக்ஸ் கோர் கம்பி வேண்டும். அதிலும் கேஸ் தேவையில்லாத ரகமா என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் மருந்து எரிந்து வரும் புகையும் கசடுமே பற்றவைப்பைக் காக்கும். திறந்தவெளியில், காற்றடிக்கும் இடத்தில் இதுதான் வசதி. பலர் கோட்டை விடுவது இணைப்பில்: இந்தக் கம்பிக்கு டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும், கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு பாசிட்டிவ். மாற்றாமல் விட்டால் பொறி வாரி இறைக்கும், பற்றவைப்பு பிடிக்காமல் மேலே உருண்டு நிற்கும். பாவம், திட்டு வாங்குவது மிஷின்!

ஜி.ஐ. பைப் என்றால் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். துத்தநாகப் புகை அன்றிரவே காய்ச்சலைக் கொண்டுவரும். மிஷினை 5 ஆம்ப் பிளக்கில் செருக வேண்டாம். எர்த் உள்ள 15 ஆம்ப் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள்.