முழுவதும் நம் நாட்டில் செய்த சைக்கிள்

கிராம மக்களுக்கு மாட்டு வண்டிக்கு அடுத்தபடியாக நெடுங்காலம் உழைத்து வரும் வாகனம் சைக்கிளே ஆகும். பால்காரர் தம் கேனையும், விவசாயி தம் கீரைக் கட்டையும், தபால்காரர் தம் பையையும் அதிலே ஏற்றிச் செல்கின்றனர். எண்ணெயோ மின்சாரமோ வேண்டாத இவ்வாகனம் நம் நாட்டிலேயே உற்பத்தியாவதை நாம் இயல்பான செய்தியாகக் கருதுகிறோம். ஆயினும், ஒரு சைக்கிளை அதன் கடைசித் திருகாணி வரை உள்நாட்டு உறுப்புகளைக் கொண்டே செய்வது எளிதில் கைகூடிய காரியம் அன்று. அது எவ்வாறு கைகூடியது என்பதையும், அதிலிருந்து பஞ்சாயத்துகள் அறிய வேண்டிய பாடம் யாது என்பதையும் இங்கே காண்போம்.

பூட்டுதல் வேறு, செய்தல் வேறு

சுதந்திரத்திற்கு முன்னர் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவை. 1949-ஆம் ஆண்டில் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் கூட்டாகச் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தினர். வங்காளத்தில் அசன்சோல் அருகே சென்-ராலே தொழிற்சாலை எழுந்தது. 1951-இல் சோனிப்பட்டில் அட்லஸ் நிறுவனமும், 1956-இல் லூதியானாவில் முஞ்சால் சகோதரர்களின் ஹீரோ நிறுவனமும் தோன்றின.

தொடக்கத்தில் பல உறுப்புகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. இங்கே அவற்றைப் பூட்டி வண்டியாக்கினர். வந்த உறுப்புகளைப் பூட்டுவது ஒரு வேலை; அவ்வுறுப்புகளையே செய்வது மற்றொரு வேலை. இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, உள்நாட்டு உறுப்புகளின் பங்கைப் படிப்படியாக உயர்த்துவதே அன்றைய அரசின் கொள்கையாக இருந்தது. 1950-51-இல் பெரிய தொழிற்சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் சைக்கிள்கள் உற்பத்தியாயின. 1960-61-இல் அத்தொகை 10 லட்சத்தைத் தாண்டியது. 1970-71-இல் 20 லட்சத்தை எட்டியது.

உறுப்புகளில் எளியவையும் அரியவையும்

மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி ஆகியவற்றைத் தகடு வளைக்கத் தெரிந்த சிறு பட்டறைகளே செய்துவிடும். அரியவை எவை எனில், பார்வைக்குச் சிறியனவும் மறைந்திருப்பனவுமே.

முதலாவது, சட்டத்திற்கு வேண்டிய எஃகுக் குழாய். அது மெல்லியதாகவும் இருக்க வேண்டும். நெல் மூட்டையைத் தாங்கவும் வேண்டும். நீண்ட எஃகுப் பட்டையைச் சுருட்டி, விளிம்புகளை ஒட்டவைத்து இக்குழாயைச் செய்கின்றனர். இதற்கென 1955-இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் தொழிற்சாலை நிறுவப்பெற்றது.

இரண்டாவது, சங்கிலி. இரண்டு கண்ணிகளுக்கு இடையே உள்ள தூரம் அரை அங்குலம். நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் ஒவ்வொன்றிலும் மயிரிழை வேறுபாடு நேர்ந்தாலும் சங்கிலி பற்களில் சரிவர அமராது. அம்பத்தூரில் 1960-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கூட்டுறவுடன் சங்கிலித் தொழிற்சாலை ஏற்பட்டது.

மூன்றாவது, குண்டுகள். முன்சக்கரத்தில் 3/16 அங்குலக் குண்டுகளும், பின்சக்கரத்திலும் மிதி அச்சிலும் 1/4 அங்குலக் குண்டுகளும் சுழல்கின்றன. ஒரு குண்டு மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாயினும் பாரம் முழுவதும் அதன்மேல் விழுந்து, அதுவும் உடையும், அது உருளும் கிண்ணமும் கெடும்.

நான்காவது, ப்ரீவீல். முன்னே மிதிக்கையில் பிடிப்பதும், மிதிக்காதபோது விட்டுக்கொடுப்பதும் அதனுள்ளிருக்கும் சிறு நாக்குகளே. அவற்றின் மேற்புறம் தேயாதபடி கடினமாகவும், உட்புறம் முறியாதபடி உறுதியாகவும் இருக்க வேண்டும். கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பதில் அடங்கியிருக்கும் நுட்பத்தையே ஆயிரக்கணக்கான நாக்குகளுக்கு ஒரே சீராகச் செய்வதுதான் இதன் அருமை.

டயருக்கு வேண்டிய ரப்பரைக் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள விவசாயிகளே விளைவிக்கின்றனர். ஆகவே, ஒரு சைக்கிளில் சுரங்கத் தொழிலாளியும், உருக்காலைத் தொழிலாளியும், ரப்பர் விவசாயியும், பட்டறைக்காரரும் ஒருங்கே உழைத்திருக்கின்றனர்.

அளவின் ஒற்றுமையே பலம்

லூதியானாவில் ஒரு பட்டறை அச்சு மட்டும் செய்யும். மற்றொன்று கோன் மட்டும் செய்யும். இன்னொன்று நிப்பிள் மட்டும் செய்யும். ஒருவரையொருவர் பாராத இவர்கள் செய்த உறுப்புகள் ஒரே வண்டியில் பொருந்துவதற்குக் காரணம், எல்லோரும் ஒரே அளவைக் கைக்கொண்டமையே. சாதாரணக் கறுப்பு சைக்கிளின் டயர் 28 அங்குலத்திற்கு 1 1/2 அங்குலம்; முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40 கம்பிகள். எந்த ஊரில் வாங்கிய வண்டியாயினும் வேறெந்த ஊர்க் கடையிலும் இதற்கு உறுப்புகள் கிடைக்கும். 1947-இல் ஏற்பட்ட இந்தியத் தர நிறுவனம் பல பொருள்களுக்கு இத்தகைய அளவுகளையும் தரங்களையும் வகுத்தது. அப்பணியை 1987 முதல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆற்றி வருகின்றது.

இதற்கு மாறாக, பல கியர்கள் உள்ள வண்டிகளில் கியர் மாற்றும் கருவி பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவதாகும். அது கெட்டால் கிராமத்துக் கடையில் மாற்று உறுப்பு கிடைப்பது அரிது. வயலுக்கும் சந்தைக்கும் செல்ல வண்டி வாங்குவோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நலம்.

கிராமத்தில் முடியும் தொழில்

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் பெண்களுக்கு அளித்தது. பெண்கள் வண்டி போதிய அளவில் கிடைக்காதபோது அவர்கள் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். நடுக்குழாயின்மேல் குழந்தையை அமர்த்திச் செல்ல அது வசதி என்று கூறியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் பிறர் உதவியின்றிக் கொண்டு செல்லும் சுதந்திரத்தை அவ்வண்டி அவர்களுக்கு வழங்கியது. பின்னர்ப் பள்ளி மாணவ மாணவியருக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கும் திட்டமும் நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது.

ஆனால், சிறிய காட்டர் பின் ஒன்று தேய்ந்து, அதனை மாற்றுவார் இன்றி வண்டி திண்ணையில் சாய்ந்து கிடக்குமாயின், சுரங்கம் முதல் தொழிற்சாலை வரை அதற்காகச் செய்த உழைப்பனைத்தும் வீணாகும். அந்த மாணவி மீண்டும் நடக்க வேண்டும். தொலைவு மிகுந்தால் படிப்பையே நிறுத்தவும் நேரலாம். ஆகவே, உள்நாட்டு உற்பத்தி என்பது தொழிற்சாலை வாயிலில் முடிவதன்று. கிராமத்துப் பழுதுபார்க்கும் கடையிலேதான் அது நிறைவு பெறுகின்றது.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. கிராமத்தில் பழுது பார்க்கும் தொழிலைக் கற்க விரும்பும் இளைஞர், இளம்பெண் இருவரையேனும் தேர்ந்து, அனுபவமுள்ள தொழிலாளியிடம் பயிற்சி பெறச் செய்யலாம். பஞ்சாயத்துக் கட்டடம் ஒன்றில் சிறிது இடம் ஒதுக்குவதும் பேருதவியாகும்.

2. காட்டர் பின், பிரேக் ரப்பர், குண்டுகள், டியூப், கம்பி, நிப்பிள் ஆகியவற்றை மகளிர் சுய உதவிக் குழுவின் வாயிலாகச் சிறு அளவில் இருப்பு வைக்கலாம். உறுப்பு வாங்கும்போது விலையை மட்டும் நோக்காது, அளவு சரியாக உள்ளதா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

3. ஆண்டுக்கு ஒரு முறையேனும் பள்ளியில் சைக்கிள் பரிசோதனை நாள் நடத்தலாம். சங்கிலியில் 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 1/16 அங்குலம் நீண்டவுடனே சங்கிலியை மாற்றினால் பற்சக்கரங்கள் தப்பும். 1/8 அங்குலம் நீளும் வரை விட்டால் பற்சக்கரங்களையும் மாற்ற நேரிடும்.

4. சில எளிய முறைகளை எல்லோருக்கும் கற்பிக்கலாம். உதாரணமாக, இடது பெடலின் மரை மற்றவற்றிற்கு எதிர்ப்புறமாகத் திரும்புவது. அதனை அறியாமல் முடுக்கி மரையைக் கெடுத்துக்கொள்வோர் பலர். மழைக்காலம் முடிந்ததும் குண்டுகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் புதிய கிரீஸ் இடுவது வண்டியின் ஆயுளைப் பெருக்கும்.

நாட்டின் தொழில் வளர்ச்சி தொலைவிலுள்ள நகரங்களில் நடைபெறும் ஒன்று என எண்ணுதல் தவறு. நம் வீட்டு வாயிலில் நிற்கும் சைக்கிளே அதன் சான்றாகும். அதனைச் செய்யும் திறமையை நாடு பெற்றுவிட்டது. அதனை ஓடும் நிலையில் வைத்திருக்கும் திறமையை ஒவ்வொரு கிராமமும் பெற வேண்டும். அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து ஆலோசித்தல் நற்பயன் தரும்.