ஆப்ஜெக்ட் பயணம் தொடங்கிய இடம்

கேள்வி: ஜாவாவில் ஒரு கிளாஸுடன் ‘சீரியலைசபிள்’ என்று சேர்த்துவிட்டால், அதன் ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள் போய்த் திரும்பியும் வந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் யார்?

பதில்: இதன் வேர் ஜாவாவுக்கு முன்பே இருக்கிறது. நினைவகத்தில் ஓர் ஆப்ஜெக்ட் என்பது சில மதிப்புகளும், தனக்கு வேண்டிய மற்ற ஆப்ஜெக்டுகள் இருக்கும் இடங்களின் முகவரிகளும் சேர்ந்தது. அந்த முகவரி இந்தக் கணினியில், இந்தப் புரோகிராம் ஓடும்வரைதான் செல்லும். அதை அப்படியே ஃபைலில் எழுதி நாளைக்குப் படித்தால், அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். வெறும் எண்ணிலும் சிக்கல் உண்டு. 1 என்ற எண்ணை ஐ.பி.எம். 360 கணினி 0, 0, 0, 1 என்று நான்கு பைட்டுகளில் வைத்தது. டெக் நிறுவனத்தின் வேக்ஸ் 1, 0, 0, 0 என்று வைத்தது. ஒன்று எழுதியதை மற்றது மாற்றாமல் படித்தால் 1 ரூபாய் 1,67,77,216 ரூபாயாகிவிடும்.

கணினிகளை வலைப்பின்னலில் இணைக்கத் தொடங்கியதும் இது அன்றாடத் தலைவலியானது. ஜெராக்ஸின் ‘கூரியர்’ (1981), சன் நிறுவனத்தின் ‘எக்ஸ்டிஆர்’ (1987) ஆகியவை, கம்பியில் போகும்போது பைட்டுகளின் வரிசை இன்னதுதான் என்று வரையறுத்தன. எண்ணுக்கும் எழுத்துக்கும் பட்டியலுக்கும் அது போதும். ஆப்ஜெக்டுக்குப் போதாது.

அதற்கு வழி சொன்னது, மாரிஸ் ஹெர்லிஹியும் பார்பரா லிஸ்கோவும் 1982இல் வெளியிட்ட கட்டுரை. இருவரும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தவர்கள்; ‘சிஎல்யூ’ மொழியை வைத்து யோசித்தார்கள். ஒரே அகராதியை ஒரு கணினி ஹாஷ் டேபிளாகவும் இன்னொன்று மரமாகவும் வைத்திருக்கலாம். இரண்டுக்கும் பொதுவான வெளி வடிவம் ஒன்று இருக்கட்டும். உள்ளிருந்து வெளியே போகவும், வெளியிலிருந்து உள்ளே வரவும் அந்த வகையை எழுதியவரே வழி எழுதட்டும் என்றார்கள். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் இதைவிடத் தெளிவான யோசனை பிறகு வரவில்லை.

ஜாவா வேறு பாதையில் போனது. சன் நிறுவனத்தின் ரோஜர் ரிக்ஸ், ஜிம் வால்டோ, ஆன் வால்ராத் ஆகியோரும் கிருஷ்ண பரத்தும் 1996இல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். (கிருஷ்ண பரத் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், பின்னாளில் கூகுள் நியூஸை உருவாக்கியவர்.) 1997இல் வந்த ஜாவா 1.1 பதிப்பில் சீரியலைசேஷன் வசதி சேர்ந்தது. அதில் கிளாஸை எழுதியவர் மாற்று வழி எதுவும் எழுத வேண்டியதில்லை. பிரைவேட் ஃபீல்டுகளைக்கூட ஜாவாவே எடுத்து எழுதிவிடும்.

அது எழுதிய ஃபைலைத் திறந்து பார்த்தால் முதல் நான்கு பைட்டுகள் ஏசி, ஈடி, 00, 05. அடுத்து கிளாஸின் பெயர், ஃபீல்டுகளின் பெயர்கள், பிறகு மதிப்புகள். எழுதப்படும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஒரு வரிசை எண் கிடைக்கும். அதே ஆப்ஜெக்ட் மறுபடி வந்தால் முழுதாக எழுதாமல் அந்த எண்ணை மட்டும் எழுதும். மேலாளர் ஊழியரைச் சுட்ட, ஊழியர் மேலாளரைச் சுட்ட, சுற்றிச் சுற்றி வரும் உறவுகூட இதனால் முடிவில்லாமல் ஓடாது. மிக அழகான வேலை இது.

கேள்வி: சீரியலைசேஷன் ஆபத்து, ஜேசன் போதும் என்கிறார் எங்கள் டீம் லீட். சரியா?

பதில்: ஆபத்து என்பது முழுக்கச் சரி. திரும்பப் படிக்கும்போது எந்த கிளாஸின் ஆப்ஜெக்டை உருவாக்குவது என்பதை, வந்து சேரும் பைட்டுகளே சொல்கின்றன. அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடாது. ஆகவே அதில் நீங்கள் எழுதிவைத்த சோதனைகளும் நடக்காது. நீங்கள் எதிர்பார்த்த வகைதானா என்று பார்ப்பதற்கு முன்பே, வந்த கிளாஸின் ‘ரீட்ஆப்ஜெக்ட்’ என்ற மெத்தட் ஓடி முடிந்திருக்கும். 2015 ஜனவரியில் கிறிஸ் ஃப்ரோஹாஃப், கேப்ரியல் லாரன்ஸ் இருவரும் கலிஃபோர்னியாவில் ஒரு மாநாட்டில் இதன் விளைவைக் காட்டினார்கள். அப்பாச்சியின் ‘காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ்’ நூலகத்தில் தனித்தனியாகப் பார்த்தால் தீங்கில்லாத கிளாஸ்கள் சில உண்டு. அவற்றைச் சங்கிலியாகக் கோத்து அனுப்பினால், பெறும் சர்வரில் அனுப்பியவர் விரும்பிய கட்டளை ஓடும். எந்த கிளாஸை அனுமதிக்கலாம் என்று வடிகட்டும் வசதி 2017இல்தான் வந்தது.

டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரப்பிய ஜேசனில் கிளாஸ் பெயருக்கு இடமே இல்லை. எண், எழுத்து, உண்மை-பொய், நல், பட்டியல், பெயர்-மதிப்பு ஜோடி, அவ்வளவுதான். அதனால்தான் அந்நியரிடமிருந்து வரும் தகவலுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். ஆனால் இரண்டு ஆர்டர்கள் ஒரே வாடிக்கையாளரைச் சுட்டினால், ஜேசனில் போய்த் திரும்பும்போது அவர் இரண்டு பேராகிவிடுவார். மேலே சொன்ன மேலாளர்–ஊழியர் சுற்றையும் அதனால் தாங்க முடியாது. அதற்கு ஐடி எண் கொடுத்து நீங்களேதான் இணைக்க வேண்டும். ஜேசனுக்குள் கிளாஸ் பெயரைப் போட்டு அனுப்பும் வசதியைச் சில நூலகங்கள் தருகின்றன. அதை இயக்கினால் பழைய ஆபத்து அப்படியே திரும்பி வரும்.

கேள்வி: பைத்தானின் ‘பிக்கிள்’?

பதில்: அதிலும் இதே ஆபத்துதான். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்ததைத் திறக்காதீர்கள் என்று பைத்தானின் கையேடே எச்சரிக்கிறது.

கேள்வி: ‘சீரியல்வெர்ஷன்யூஐடி’ என்ற எண் எதற்கு?

பதில்: எழுதிய கிளாஸும் படிக்கும் கிளாஸும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க. நீங்கள் கொடுக்காவிட்டால் கிளாஸின் பெயர், ஃபீல்டுகள், மெத்தடுகள் முதலியவற்றிலிருந்து ஜாவாவே 64 பிட் எண் ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரு பப்ளிக் மெத்தட் சேர்த்தாலே அந்த எண் மாறிவிடும். நேற்று எழுதிய ஃபைல் இன்று திறக்காது. நீங்களே 1 என்று எழுதிவைத்தால், பிறகு புதிய ஃபீல்டு சேர்த்தாலும் பழைய ஃபைல் திறக்கும். அந்த ஃபீல்டில் மட்டும் 0 அல்லது நல் இருக்கும்.