காதால் படி

அன்புள்ள பேத்திக்கு,

தாத்தா எழுதுவது. வேலைக்குப் போன பிறகு ஒரு புத்தகத்தைக்கூட முடிக்க முடியவில்லை என்று போனில் வருத்தப்பட்டாய். தாம்பரத்திலிருந்து பீச் வரை ரயிலில் நின்றுகொண்டே போகையில் ஒலிப்புத்தகம் கேட்கலாம், ஆனால் அது ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது என்றாய். அந்தக் கூச்சமே வேண்டாம் கண்ணு.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் என்று ஒரு மரபு உண்டு. ஒருவர் செய்யுளை வாசிப்பார், இன்னொருவர் அதன் பொருளைப் பயன் சொல்வார், ஊரார் உட்கார்ந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டே கந்தபுராணம் பாடிய கச்சியப்பரை அறிந்தவர்களைப் படிக்காதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இன்றைய ஒலிப்புத்தகத்தின் கதை வேறு. முதல் உலகப் போரில் சோம் போர்க்களத்தில் பார்வை இழந்தவர் இயன் ஃபிரேசர் என்ற இளம் அதிகாரி. அவரைப் போன்றவர்கள் விடாமல் பாடுபட்டதில், 1935இல் பிரிட்டனில் கிராமபோன் தட்டுகளில் பேசும் புத்தகங்கள் வந்தன. முதலில் வந்தவற்றில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஒன்று. கண் போனவருக்கும் கொலைகாரன் யாரென்று தவிக்கிற சுகம் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்களே, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

உனக்கு நான் சொல்வது இதுதான்: கேள், ஆனால் புத்தகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடு. கல்கியின் பொன்னியின் செல்வனில் தொடங்கு. வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. அத்தியாய முடிவில் கல்கி வைக்கிற முடிச்சு உன்னை மறுநாள் ரயிலுக்கும் இழுத்துவரும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகிவிட்டதால், லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த பதிவு இலவசமாகவே கிடைக்கும். பாத்திரங்கள் ஏராளம். அச்சில் என்றால் பின்னால் புரட்டிப் பார்த்துக்கொள்வாய், காதுக்கு அந்த வசதி கிடையாது. பெயர்களையும் உறவுமுறைகளையும் ஒரு தாளில் குறித்துக் கைப்பையில் வைத்துக்கொள்.

கி. ராஜநாராயணனைக் கேட்பதானால் வாசிப்பவருக்குக் கரிசல் பேச்சு வருகிறதா என்று முதலில் பார். மேடைத் தமிழில் வாசித்தால் கோபல்ல கிராமத்தில் பாதி போய்விடும். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிற குரலைப் பத்து நிமிடத்துக்கு மேல் பொறுக்காதே. சுந்தர ராமசாமியின் ஜே.ஜே: சில குறிப்புகளை மட்டும் அச்சில் படி. ஒரு வாக்கியத்தில் நின்று, யோசித்து, பென்சிலால் கோடு போட்டுப் படிக்க வேண்டிய புத்தகம் அது. கூட்ட நெரிசலில் கேட்டால் அதற்கும் நியாயமில்லை, உனக்கும் பயனில்லை.

இன்னொன்று. உன் வயதுப் பிள்ளைகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுகிறார்கள். கட்டுரை, செய்தி என்றால் சரி. கதைக்கு அது ஆகாது. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. நல்ல வாசிப்பாளர் அதற்குமுன் ஒரு கணம் மூச்சு விடுவார். வந்தானா, வரவில்லையா என்று மனம் காத்திருப்பது அந்த இடைவெளியில்தான். வேகத்தைக் கூட்டினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

எழும்பூரில் கூட்டம் ஏறும்போது கவனம் சிதறும். வெட்கப்படாமல் பின்னால் ஓட்டிக் கேள். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள். தண்டவாளம் கடக்கும்போது அதையும் கழற்றிவிடு.

பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குள் நுழைந்ததும் எனக்கு போன் செய். அந்த இடத்தை வாசித்தவர் எப்படிச் சமாளித்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
தாத்தா