ஆழ்கடற் சேற்றின் அளைவாழ் உயிர்கள்

கடற்கரையில் அலவன் தன் அளையிற் புகுந்து ஒளிதலை நாம் பலகாற் கண்டிருக்கின்றோம். அவ்வலவனுக்கு உறவாகிய ஓட்டுடலிகள் சில, ஞாயிற்றின் ஒளி ஒருகாலும் எட்டாத ஆழ்கடற் சேற்றிலும் அளை அமைத்து வாழ்கின்றன. அவற்றுள் டானாய்டு என்னும் இனத்தைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறுவோம்.

1840-களில் எட்வர்டு போர்ப்ஸ் என்னும் அறிஞர், கடலில் ஏறத்தாழ 300 பாகத்திற்குக் கீழ் உயிர் வாழ்தல் இயலாது எனக் கருதினார். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த சாலஞ்சர் என்னும் கப்பல், அதனினும் பன்மடங்கு ஆழத்தினின்று உயிர்களை வாரியெடுத்து அக்கருத்தைப் பொய்யாக்கிற்று.

டானாய்டுகளிற் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர் நீளமே உடையன. இவற்றிற்கு நண்டிற்கு இருப்பது போன்ற ஓரிணை இடுக்கிகள் உண்டு. சேற்றைத் தோண்டி வாழ்வனவும், உடலிற் சுரக்கும் பசையால் மண்துகள்களை ஒட்டிக் குழல் சமைத்து அதனுள் வாழ்வனவும் இவ்வினத்தில் உள. மேலிருந்து மெல்ல வீழும் மட்கிய பொருள்களே இவற்றுட் பலவற்றிற்கு உணவு.

நண்டின் இளங்குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தொலைவு பரவும். டானாய்டின் முட்டைகளோ தாயின் மார்பின்கீழ் உள்ள பையிலேயே பொரிந்து வளர்கின்றன. வெளிவரும் குஞ்சு, கடைசி இணைக்கால் ஒன்றே குறைய, ஏனையவற்றில் தாயை ஒத்திருக்கும்; அது மிதந்து செல்லாது, பிறந்த சேற்றின் அயலிலேயே குடிகொள்ளும். இளமையிற் காவலாகிய இவ்வியல்பே, வாழுமிடம் அழியுங்கால் இடராக முடிகின்றது. அழிந்த நிலத்திற்கு வேற்றிடத்தினின்று புதுக்குடிகள் விரைந்து வந்து சேர்தல் அரிது.

இவ்விடர் வெறுங்கற்பனை அன்று. பசிபிக் பெருங்கடலில், ஹவாய்த் தீவுகட்கும் மெக்சிகோவிற்கும் இடையே, 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு, செம்பு முதலிய உலோகங்கள் செறிந்த கட்டிகள் பரந்து கிடக்கின்றன. பத்து இலட்சம் ஆண்டில் அவை சில மில்லிமீட்டரே வளர்வன. அவற்றைப் பொறிகொண்டு வாரினால், டானாய்டுகள் வாழும் மேற்சேறும் உடன் பெயர்க்கப்படும்.

அதன் விளைவை அறியும்பொருட்டு, 1989-இல் பெரு நாட்டிற்கு அப்பாலுள்ள ஆழ்கடல் அடியை அறிஞர்கள் உழுது பார்த்தனர். இருபத்தாறு ஆண்டு கழித்து, 2015-இல் மீண்டும் சென்று நோக்கியபோது, உழுத தடங்கள் மறையாமலே கிடந்தன. ஆங்குப் புதிய வண்டல் படிதல் அத்துணை மெதுவானது.

கரையில் அலவனின் அளையை அலை அழித்தால், அது வேறோர் அளை தோண்டிக்கொள்ளும். ஆழ்கடலில் ஒருமுறை கலைத்த சேறு ஒரு தலைமுறை கழிந்தும் பழைய நிலையை எய்தவில்லை. ஆதலின் அங்குள்ள உலோகத்தின் விலையைக் கணக்கிடுவோர், அச்சேற்றிற் குடியிருக்கும் சிற்றுயிர்களையும் அக்கணக்கிற் சேர்த்தல் கடன் ஆகும்.