ஐம்பதில் வெளிநாடா? முதலில் கொல்லிமலை ஏறுங்கள்!

"நாலு பேருக்குப் பொங்கின கைங்க டாக்டர். இப்ப ரெண்டே பேருக்கு அளவு தெரிய மாட்டேங்குது. தெனமும் சோறு மிஞ்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா, கோழி கூப்புடற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கறனுங்க."

நாமக்கல்லில் என் வைத்தியசாலைக்கு வந்த ஒரு அம்மாள் சொன்னது இது. வயது 49. பக்கத்தில் கணவர், வயது 54. லாரி பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் உழைத்தவர். மகளைக் கட்டிக் கொடுத்து பெங்களூருக்கு அனுப்பியாயிற்று. மகனுக்குச் சென்னையில் வேலை. வீட்டில் டி.வி. சத்தம் மட்டும்தான் பாக்கி.

கணவருக்கு வேறொரு யோசனை. மஸ்கட்டில் இருக்கும் பழைய கூட்டாளி ஒருவர், லாரிப் பட்டறையில் மேற்பார்வை வேலைக்குக் கூப்பிடுகிறாராம். ரெண்டு வருஷம். மனைவியையும் கூட்டிப் போக வழி உண்டாம்.

"சின்ன வயசுல போக முடியல. இப்ப வாய்ப்பு வந்திருக்குது. இந்த வயசுல போலாமுங்களா? உடம்பு தாங்குமுங்களா?" என்றார்.

"மஸ்கட் அப்புறம் இருக்கட்டும். மொதல்ல ரெண்டு பேரும் கொல்லிமலைக்குப் போய் நாலு நாள் தங்கிட்டு வாங்க" என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற மலைக்கும் மஸ்கட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் கேட்பீர்கள். சொல்கிறேன்.

மலை ஒரு ஒத்திகை

கொல்லிமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். சேந்தமங்கலம் தாண்டி அடிவாரமான காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றுமா, வாந்தி வருமா, காது அடைக்குமா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மலை மேல் 1000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். இரவில் நல்ல குளிர். செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கினால் பழகிய கட்டில் இல்லை, பழகிய தண்ணீர் இல்லை, பழகிய கழிப்பறை இல்லை. மாத்திரையை எடுத்துக் கொடுக்க மகள் இல்லை, பில் கட்ட மகன் இல்லை. நாலு நாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தாக வேண்டும்.

வெளிநாட்டில் நடக்கப் போவதும் இதேதானே! மலையில் ஒன்று சரியில்லை என்றால் ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மஸ்கட்டிலிருந்து அப்படி முடியாது. அதனால்தான் ஒத்திகை.

நான் செய்த தவறு

அவர்கள் போனார்கள். வளைவுகளில் அம்மாளுக்கு மட்டும் கொஞ்சம் குமட்டல். வயிறு முட்டச் சாப்பிடாமல், முன் சீட்டில் உட்கார்ந்து, தூரத்தில் பார்வையை வைத்து, ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டதில் சமாளித்துவிட்டார்.

மூன்றாம் நாள் அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கை அருவிக்கு இறங்கியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சுமார் 300 அடி உயர அருவி. இறங்குவது சுலபம். ஏறும்போதுதான் வினை. பாதியில் அவருக்கு நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி ஒரு அழுத்தம். இடது தோள் வரை இழுத்தது. உட்கார்ந்தால் சரியாகிறது, ஏறினால் மறுபடி வருகிறது. 'வாய்வுப் பிடிப்பு' என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்து, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்திருக்கிறார்.

திரும்பி வந்து என்னிடம் கேட்டது, "வாய்வுக்கு ஒரு சூரணம் குடுங்க டாக்டர்."

நான் கொடுக்கவில்லை. நடந்தால் வந்து, நின்றால் போகிற நெஞ்சழுத்தத்துக்குச் சூரணம் மருந்தல்ல. அன்றைக்கே இதய மருத்துவரிடம் அனுப்பினேன். ஈ.சி.ஜி., ஆஞ்சியோ எல்லாம் பார்த்ததில் ஒரு ரத்தக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். மஸ்கட் பயணம் தள்ளிப் போயிற்று.

ஊரில் இதைச் சொன்னவர்கள், "டாக்டரு மலைக்கு அனுப்பி உயிரைக் காப்பாத்திட்டாரு" என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு உரியதல்ல. ஐம்பதைத் தாண்டியவரை, அதிலும் பீடி பழக்கம் இருந்தவரை, பரிசோதனை செய்யாமல் நான் மலைக்கு அனுப்பியிருக்கக் கூடாது. அந்தப் படியில் அவர் விழுந்திருந்தால்? இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வேர்க்கிறது. அன்றிலிருந்து என் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் பரிசோதனை, அப்புறம் மலை, அப்புறம்தான் விமானம்.

ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, உப்பு (கிரியாட்டினின்), ஈ.சி.ஜி., கண், பல் - இவ்வளவும் இருவருக்கும் வேண்டும். 'எனக்கென்ன, நான் அவருக்குத் துணைக்குத்தானே போறேன்' என்று பெண்கள் தட்டிக் கழிப்பதுதான் அதிகம். வேண்டாம் தாயே! உங்களுக்கும் சேர்த்துத்தான்.

இது பித்த காலம்

சித்த மருத்துவத்தில் ஆயுளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். முதல் 33 வருஷம் வாத காலம், அடுத்த 33 பித்த காலம், கடைசி 33 கப காலம். ஐம்பது என்பது பித்தம் ஓங்கி நிற்கிற வயது. தூக்கம் குறையும், நெஞ்சு எரியும், சட்டென்று கோபம் வரும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிற வயதும் இதுவே என்பதால் உடம்பில் திடீர் சூடு, வேர்வை, மனச் சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதும் சரியாக இந்த நேரத்தில்தான்!

அதனால் தூக்கம் போனதற்குப் பிள்ளை மேல் ஏக்கம் மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள். உடம்பையும் கவனியுங்கள். வாரம் ஒரு எண்ணெய்க் குளியல், புளியும் காரமும் குறைத்த இரவுச் சாப்பாடு, படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை ஒதுக்கி வைப்பது - இந்த மூன்றையும் ஒரு மண்டலம் செய்து பாருங்கள்.

விமானத்தில் அடக்காதீர்கள்

அடக்கக் கூடாதவை என்று சித்தர்கள் 14 வேகங்களைச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் வரும். நம் ஊர்ப் பெரியவர்கள் விமானத்தில் முதலில் அடக்குவது எது தெரியுமா? தாகம்! 'தண்ணி குடிச்சா எழுந்திரிக்கணும், பக்கத்து ஆளைத் தாண்டணும், அந்தக் கதவைத் திறக்கத் தெரியாது' என்று பத்து மணி நேரம் காய்ந்து போய் உட்கார்ந்திருப்பார்கள்.

இது ஆபத்து. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடுகிறது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. எனவே நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் குடியுங்கள். மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்று. பறக்கிற விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். அதாவது கொல்லிமலையைவிட உயரம். கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரின் அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது என்பது இதனால்தான்.

மருந்துப் பை

இதை ஒரு சித்த மருத்துவனாகவே சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வருஷக்கணக்கில் சாப்பிடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை 'வெளிநாட்டுக்குப் போறோமே, லேகியத்துலேயே ஓட்டிக்கலாம்' என்று நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. அதோடு நாட்டு மருந்து எதையாவது சேர்ப்பதானால் இரண்டு மருத்துவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் வரட்டும். சரக்குப் பெட்டியில் போட்டால் பெட்டி தொலையலாம். இன்சுலின் உறைந்தும் போகலாம். அமெரிக்கா போல மணிக் கணக்கு தலைகீழாக மாறும் ஊருக்குப் போகிறவர்கள், எந்த ஊசியை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சூரணத்தைப் பேப்பரில் பொட்டலம் கட்டி எடுத்துப் போகாதீர்கள். அந்த ஊர் சுங்க அதிகாரிக்கு அது திரிகடுகமா வேறு எதுவுமா என்று எப்படித் தெரியும்? கம்பெனி முத்திரையோடு, பெயரும் சேர்மானமும் அச்சிட்ட பாட்டிலாக, ஆங்கிலத்தில் எழுதிய மருந்துச் சீட்டோடு இருக்கட்டும். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் வேண்டாம். பாதரசம், ஈயம் விஷயத்தில் பல நாடுகள் கண்டிப்பானவை. சமையலுக்கு வைத்திருக்கும் கசகசாகூட ஐக்கிய அரபு எமிரேட்ஸ் போன்ற நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள். சில வலி மாத்திரைகளுக்கும் இருமல் மருந்துகளுக்கும் அங்கே முன் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் விதை, மூலிகை, சாப்பாடு எது இருந்தாலும் மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு...

பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். 50 வயதைக் கடந்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. சௌகரியம்தான். ஆனால் அரசாங்கம் ஒரு தடவை சரிபார்ப்பது உங்கள் விஷயத்தில் இல்லை என்பதும் இதற்கு அர்த்தம். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா, ஒப்பந்தத்தில் சம்பளம், இருப்பிடம், மருத்துவச் செலவு எழுதியிருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். விசிட் விசாவில் போய் வேலை செய்யலாம் என்பவரை நம்பாதீர்கள்.

காப்பீடு எடுக்கும்போது இருக்கிற நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் தேவைப்படும் நேரத்தில் பணம் வராது.

வெயிலுக்கும் தயாராக வேண்டும். ஓமனில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்கு வெயில்! தண்ணீர் குறைந்தால் சிறுநீரகக் கல்தான் பரிசு.

இரண்டு பேராக வாழப் பழகுங்கள்

"இதுக்கெல்லாம் காசு வேணுமே" என்பீர்கள். கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன்-மோகனா தம்பதி பற்றிப் படித்திருப்பீர்கள். கடை வருமானத்தில் தினம் 300 ரூபாய் ஒதுக்கி, போதாததற்குக் கடன் வாங்கி, வந்து அடைத்து, மறுபடி கிளம்பி, 2007 தொடங்கி 26 நாடுகளைப் பார்த்தவர்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா போய் வந்தார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். எழுபதைக் கடந்த வயது. கடன் வாங்கிச் சுற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. ஒருவர் கையை ஒருவர் விடவுமில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

நம் நாமக்கல் தம்பதி? இதய மருத்துவர் சம்மதித்த பிறகு, ஆறு மாதம் கழித்துக் கிளம்பினார்கள். பீடி போயே போய்விட்டது. அதற்கு முன்னால், படி இறங்காமல் இன்னொரு தடவை கொல்லிமலைக்குப் போனார்களாம். ஒரு ராத்திரி குளிரில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாள் மகளை நினைத்து ஓவென்று அழுதிருக்கிறார்.

"முப்பது வருஷத்துல இவ இப்படி அழுது நான் பார்த்ததில்லீங்க டாக்டர். பிள்ளைங்க போன நாள்லகூட அழுவல. நானும் 'எதுக்கும்மிணி அழுவற'ன்னு கேக்கல. பக்கத்துல உக்காந்துக்கிட்டேன்" என்றார் அவர்.

"அன்னைக்குத்தானுங்க விடிய விடியத் தூங்கினேன்" என்றார் அந்த அம்மாள்.

அடக்கக் கூடாத 14 வேகங்களில் கண்ணீரும் ஒன்று, வாசகர்களே. பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்னால் அதை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பெட்டியின் எடை குறையும்!